புதுப்பிப்பு: நாஸ்டிசிசம் மேற்படிப்பு, இடம் கிடைத்தது

நாஸ்டிசிசமும் (ரகசிய ஞானத்தால் மீட்பு கிடைக்கும் என்று நம்பிய, கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளின் சமயப் போக்கு) மறைஞான மரபுகளும் முதுநிலையில் படிக்க எப்படித் தயாராவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இடம் கிடைத்துவிட்டது.

கைகொடுத்தது, ‘முதலில் காப்டிக் (பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம்) படியுங்கள்’ என்ற யோசனைதான். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த, நாஸ்டிக் நூல்கள் அடங்கிய 13 பழைய சுவடிகளும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. இலக்கணத்தை முடித்துவிட்டு, அவற்றில் ஒன்றில் உள்ள, இயேசுவின் கூற்றுகளின் தொகுப்பான தோமா நற்செய்தியில் சில பகுதிகளை நானே மொழிபெயர்த்து விண்ணப்பத்தோடு இணைத்தேன். நேர்காணலில் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே இருந்தது. கிரேக்கம் தெரியுமா என்றும் கேட்டார்கள். அந்த நூல்களின் மூலம் கிரேக்கம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

எதிர்பாராத விஷயம், பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிய வேண்டும் என்றது. யோசித்தால் நியாயம்தான். கனடாவில் கியூபெக்கின் லாவால் பல்கலைக்கழகம் வெளியிடும் நாக் ஹம்மாதி பதிப்புகள் பிரெஞ்சில்தான் வருகின்றன.

அப்புறம், துறையின் பெயரை மட்டும் பார்த்துத் தேடாதீர்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இது சமயத் துறைக்குள் வருகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஹெர்மெட்டிக் தத்துவ (ஹெர்மிஸ் என்ற புராண ஞானியின் பெயரில் வழங்கும் மறைஞான மரபு) வரலாற்றுக்கு 1999 முதல் தனிப் பேராசிரியர் இருக்கையே உண்டு. கபாலா என்ற யூத மறைஞானத்தின் பக்கம் போகிறவர்கள் எபிரேயத்தோடு அரமேயமும் படிக்க வேண்டியிருக்கும். அதன் முக்கிய நூலான சோஹார் பெரும்பாலும் அரமேயத்தில்தான் இருக்கிறது.