புதுப்பிப்பு: வெளிநாடு போன சைக்கிள்கள், சுங்கக் குறியீடும் பிரேக்கும்

பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே சைக்கிள் மாடலை அனுப்பலாமா, கழற்றிப் பெட்டியில் போட்டால் எந்தச் சுங்கக் குறியீடு (சரக்கை வகைப்படுத்தும் எண்) என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சரக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

குறியீட்டில், முழு சைக்கிளுக்கான 8712 என்று சொன்னவர்தான் சரி. உதிரிபாகத்துக்கான 8714 இதற்குப் பொருந்தாது. முழு சைக்கிளுக்குத் தேவையான எல்லாம் ஒன்றாகப் போனால், கழற்றியிருந்தாலும் அது சைக்கிள்தான். மின்மோட்டார் இருந்தால் 8711.60, அது வேறு கதை.

பிரேக் பற்றி எச்சரித்தவருக்குத் தனி நன்றி. பிரிட்டனில் வலது பிரேக் கைப்பிடி (லீவர்) முன் பிரேக்கை இயக்க வேண்டும். அமெரிக்காவில் வலது கை பின் பிரேக்குக்கு. சும்மா இரண்டு லீவரையும் இடம் வலமாக மாற்றினால் போதும் என்று நினைத்தேன். மாற்றியதும் முன் கேபிளின் உறை இழுத்துக்கொண்டு, ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் ஃபிரேமின் பெயிண்டை உரசியது. உறையைப் புதிதாக நீளம் அளந்து வெட்டிய பிறகே சரியானது. பெட்டி கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

எதிர்பாராத விஷயம்: ஐ.எஸ்.ஓ. 4210 (சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை) சோதனை அறிக்கை மட்டும் அமெரிக்காவுக்குப் போதவில்லை. அங்கே சைக்கிளுக்கென்றே 16 சி.எஃப்.ஆர். 1512 என்று தனி அரசு விதி உண்டு. பெடலில்கூட ரிஃப்ளெக்டர் கேட்கிறது. பிரிட்டனுக்கோ விற்கும்போதே மணி இருக்க வேண்டும்.