ராக்ஸி கிளப் ஜனவரி 1-ல்தான் திறந்ததாம்!

கிராமபோன்: நேற்று ஒருவர் இங்கே "லண்டனின் பங்க் ராக் கிளப்பான ராக்ஸி 1977 ஜனவரி 1-ல் கிளாஷ் குழுவின் கச்சேரியோடு திறந்தது" என்று அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஐயா, 1976 டிசம்பர் 21-லேயே ஜெனரேஷன் எக்ஸ் குழு அங்கே வாசித்தாகிவிட்டது. இதுகூடத் தெரியாமல் பங்க் வரலாறு எதற்கு?

டிரம்மர்தாசன்: அடித்துவிட்டவன் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். டிசம்பரில் நடந்தது வெள்ளோட்டம். திறப்பு விழா ஜனவரி 1.

கிராமபோன்: வெள்ளோட்டமா? அன்றைய நிலவரம் தெரியுமா? டிசம்பர் 1-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு டிவியில் கெட்ட வார்த்தை பேசியதும் ஊர் ஊராக அரங்கங்கள் கதவைச் சாத்தின. லண்டனின் இன்னொரு மேடையான 100 கிளப் செப்டம்பர் ரகளையோடு பங்க் இசைக்கே கும்பிடு போட்டுவிட்டது. அந்த நேரத்தில்தான் ஆண்டி செசோவ்ஸ்கி நீல் தெருவில் ஓரினச்சேர்க்கையாளர் கிளப்பாக இருந்த இடத்தை ராக்ஸிக்காகப் பிடித்தார். தான் மேனேஜராக இருந்த ஜெனரேஷன் எக்ஸையே முதலில் மேடையேற்றினார். டிசம்பர் 21!

வினைல்ராணி: அண்ணே, தேதியை விடுங்க. அங்கே இசைத்தட்டு போட்ட டிஜே டான் லெட்ஸைப் பற்றி யாராவது பேசுங்களேன். பங்க் இசைத்தட்டு விரல்விட்டு எண்ணுகிற அளவே இருந்த காலத்தில் ரெகே, டப் என்ற ஜமைக்கா இசையைப் போட்டே கூட்டத்தைக் கட்டிவைத்தவர்.

டிரம்மர்தாசன்: தட்டு மாற்றுகிற வேலைக்கு இவ்வளவு புகழா?

வினைல்ராணி: சார் டிரம்ஸ் வாசித்து போட்ட வீடியோவைக் கேட்டோம். தட்டு மாற்றுவது எவ்வளவோ மேல்.

கிராமபோன்: தலைப்புக்கு வாருங்கள். டிசம்பர் 21.

டிரம்மர்தாசன்: இவர்தான் போன வருஷம் "பிஸ்டல்ஸ் வளர்ந்த மேடை ராக்ஸி" என்று எழுதியவர். அவர்கள் அங்கே மேடையேறியதே இல்லை. இப்போது வாத்தியார் வேலை பார்க்கிறார்.

கிராமபோன்: முழுசாக எடுத்துப் போடு தம்பி, பாதியை வெட்டி ஒட்டாதே. உன் பழக்கம் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பழையகேசட்: செசோவ்ஸ்கி நடத்தியது எல்லாம் சேர்த்து ஒரு நூறு நாள் கூத்து. 1977 ஏப்ரலில் அவரை வெளியே தள்ளினார்கள், மறு ஏப்ரலில் கடையையே மூடினார்கள். இதற்கு இத்தனை சண்டையா?

டிரம்மர்தாசன்: ஜனவரி 1-லிருந்து எண்ணினால்தான் ஏப்ரலில் நூறு வரும். நன்றி கேசட்!

கிராமபோன்: ஏப்ரல் 10-லேயே நூறு முடிந்துவிடும், கணக்கும் வராதா? வயர், பஸ்காக்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்று பல குழுக்களை அங்கேயே பதிவுசெய்து வந்த இசைத்தொகுப்பு பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 24-ஆம் இடம் போனது. அதைக் கூத்து என்கிறவரை அப்புறம் கவனிக்கிறேன். முதலில் தாசன் பதில் சொல்லட்டும்: டிசம்பர் 21 அன்று கட்டடத்துக்கு வெளியிலா வாசித்தார்கள்?

டிரம்மர்தாசன்: வெள்ளோட்டம்.