அம்மிச்சி வீட்டுச் சொந்தங்கள்: மாமாவின் படை

காங்கேயம் மாமா: எல்லோருக்கும் வணக்கம். மூலனூர்க் கல்யாணத்துக்கு அத்தையும் பிள்ளைகளும் வருவார்கள்; நான் வரவில்லை. முதுகிலும் முழங்கையிலும் இருந்த சொரியாசிஸ், அந்தச் செதில் உதிரும் தோல் நோய், இப்போது தலைக்கும் ஏறிவிட்டது. போன கல்யாணத்தில் பக்கத்து இலையில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போனதை நான் மறக்கவில்லை. நாலு வருடம் பார்த்தும் மருந்து கேட்கவில்லை, இனி வைத்தியம் வேண்டாம்.

கவிதா, ஈரோடு: மாமா, இது ஒட்டுவாரொட்டி இல்லை என்பதை அந்த மனிதருக்கு யாரும் சொல்லாமல் விட்டது நம் எல்லோருடைய தவறு. பதினொரு வருடமாக இதே நோயோடு இருப்பவள் என்பதால் கேட்கிறேன்: பூசிய களிம்பு ஒரு டியூப் எத்தனை நாள் வந்தது?

காங்கேயம் மாமா: பதினைந்து கிராம் டியூப், இரண்டு மாதம் வந்தது கண்ணு. நடுவில் ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பத்தே நாளில் மறைந்து, பிறகு இரட்டிப்பாக வந்தது.

கவிதா, ஈரோடு: சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கும் களிம்பு அரை கிராம், அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுக்குத்தான் போதும். உங்கள் முதுகும் முழங்கையும் எட்டு உள்ளங்கை இருக்கும் என்றால், ஒரு முறைக்கே இரண்டு கிராம் வேண்டும், டியூப் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்க வேண்டும். அதை நீங்கள் இரண்டு மாதத்துக்கு இழுத்திருக்கிறீர்கள் மாமா. மருந்து கேட்கவில்லை என்று அதை எப்படிச் சொல்வது? ஊசியின் கதை வேறு: ஸ்டீராய்டை உடம்புக்குள் செலுத்தி நிறுத்தும்போது இந்த நோய் சீறி எழுவதுண்டு, சிலருக்குச் சீழ்க்கொப்புளமாகவும் மாறும்.

தாராபுரம் பெரியம்மா: வெட்பாலைத் தைலம் காய்ச்சித் தரட்டுமா சாமி? இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறம் இறங்கிவிடும்.

கவிதா, ஈரோடு: கொடுங்கள் பெரியம்மா, எனக்குச் செதில் மிருதுவானது அதனால்தான், ஆனால் சிவப்பும் தடிப்பும் அதில் அடங்கவில்லை. தலைக்கும் சேர்த்துப் பத்து உள்ளங்கையைத் தாண்டிவிட்டதால், மாமாவுக்கு இனி களிம்பு மட்டும் போதாது. புற ஊதா ஒளிச் சிகிச்சையோ மாத்திரையோ வேண்டும்.

காங்கேயம் மாமா: தோல் டாக்டர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினார். புற்றுநோய் மருந்து என்று கேள்விப்பட்டு நான் வாங்கவே இல்லை.

கவிதா, ஈரோடு: இதற்குத் தருவது அதில் மிகச் சிறிய அளவு, அதுவும் வாரத்தில் ஒரே ஒரு நாள், தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அத்தை காலண்டரில் கிழமையை வட்டமிட்டுத் தரட்டும். கூடவே ஃபோலிக் அமிலம், கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை, மதுவுக்குத் தடை. மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்: 2008இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், பதினாறு வாரத்தில் நோய் முக்கால் பங்காவது குறைந்தவர்கள் மெத்தோட்ரெக்சேட்டில் நூற்றுக்கு 36 பேர், அடாலிமுமாப் ஊசியில் 80 பேர், மருந்தே இல்லாத போலி மருந்தில் 19 பேர். ஆகவே ஒன்று கேட்காவிட்டால் அடுத்தது இருக்கிறது. விலை கூடிய அந்த ஊசிக்கு முன் காசநோய் இல்லையென்று உறுதி செய்வார்கள். இன்னொன்று கேட்க வேண்டும், காலையில் விரல்கள் விறைக்கின்றனவா?

காங்கேயம் மாமா: ஆமாம் கண்ணு. விடியற்காலையில் மாட்டுக் காம்பைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை, ஒரு மணி நேரம் ஆகிறது. வயதுக் கோளாறு என்று இருந்துவிட்டேன்.

கவிதா, ஈரோடு: மாமா, இந்த நோய் மூட்டுக்கும் இறங்கும். மூட்டு ஒருமுறை சிதைந்துவிட்டால் பழையபடி ஆகாது, அதற்குக் களிம்பும் தைலமும் உதவாது. டாக்டரிடம் தோலுக்கு முன்பாக விரலைப் பற்றிச் சொல்லுங்கள்.

காங்கேயம் மாமா: திங்கட்கிழமை பாலை ஊற்றிவிட்டு ஏழு மணிப் பேருந்தில் ஈரோடு வருகிறேன். பழைய சீட்டுகளையும் எடுத்து வருகிறேன், நீயும் கூட வா.

கவிதா, ஈரோடு: நிலையத்தில் நிற்கிறேன் மாமா. கிளினிக்கில் போட்ட அந்த ஸ்டீராய்டு ஊசியின் பெயர் எழுதிய சீட்டை மறக்காதீர்கள்.