பழைய ஃபெண்டர் பேஸ் அசலா? கழற்றிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

நாலுகம்பி:

அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பேஸ் கிட்டார்கள், பெரும்பாலும் பிரிசிஷன், ஜாஸ் என்ற இரண்டு மாடல்கள் பற்றித்தான் இங்கே பேச்சு. "1963 பிரிசிஷன் பேஸ், முழுக்க ஒரிஜினல்" என்று விலைக்கு வருபவற்றில் பாதிக்கு, நெக் பிளேட்டில் (கழுத்தான நெக்கை உடலான பாடியோடு இறுக்கும் பின்பக்கத் தகடு) இருக்கும் எண் ஒன்றுதான் சான்று. இருக்கிற சான்றுகளிலேயே பலவீனமானது அதுதான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பிளேட் கையோடு வந்துவிடும், வேறெந்த பாடியிலும் உட்காரும். பழசுபோல் துருவேற்றிய பிளேட்டே தனியாக விற்கிறது. தொழிற்சாலையிலும் பிளேட்டை எண் வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை, பெட்டிக்குள் கைக்கு வந்ததை மாட்டினார்கள். அதனால் அடுத்தடுத்த எண்கள் ஒரு வருடம் தள்ளிக்கூட வரும்.

எண் சொல்வது ஏறத்தாழ இவ்வளவுதான்: 'எல்' எழுத்தும் ஐந்து இலக்கமும் இருந்தால் 1962 கடைசிக்கும் 1965க்கும் நடுவில். பெரிய 'எஃப்' பொறித்திருந்தால், 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியதற்குப் பிந்தையது. 1976லிருந்து எண் நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்குக்குப் போய்விட்டது. 'வி' எழுத்தில் தொடங்கும் பிளேட் 1982க்குப் பின் அமெரிக்காவிலேயே செய்த மறுபதிப்பு. அதை வைத்துக்கொண்டு யாராவது 62 என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நெக்கைக் கழற்றாமல் எதுவும் தெரியாது. முதலில் தந்திகளை முழுக்கத் தளர்த்துங்கள். ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் 2ஆம் நம்பர் பிலிப்ஸ் டிரைவர் வேண்டும். சிறியதைப் போட்டால் தலை வழுக்கிப் போகும், அந்தக் காயமே பின்னால் இன்னொருவருக்குச் சந்தேகம் கிளப்பும். நெக் பாக்கெட்டில் (பாடியில் நெக் உட்காரும் குழி) அட்டைத் துண்டோ தாளோ இருந்தால் அது கோணம் சரிசெய்ய வைத்தது. எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்ப வையுங்கள். மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பழைய புரியில் 'டக்' என்று விழும், அதற்குப் பிறகு முறுக்குங்கள். இல்லையென்றால் மரத்தில் புதுப் புரி வெட்டிவிடும், 60 வருட மரம் இரண்டாவது முறை தாங்காது.

நெக் அடியில் 1962 தொடக்கம் வரை பென்சில் தேதி, அதன்பின் ரப்பர் முத்திரை. அந்த முத்திரையைத்தான் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். "7 ஜன 66 ஏ" என்றால் ஜனவரி 7 இல்லை. 7 என்பது ஜாஸ் பேஸின் குறியீடு, பிரிசிஷனுக்கு 5. மாதமும் வருடமும் நடுவில், கடைசி எழுத்து நட் (ஹெட்ஸ்டாக் பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) அகலம்: ஏ என்றால் 38 மி.மீ., பி 41, சி 44. அந்தக் காலத்து பிரிசிஷனில் பெரும்பாலும் சி, ஜாஸில் ஏ. முத்திரையில் ஏ என்று இருந்து, அளந்தால் 44 வந்தால் அது முத்திரை விற்பவரின் கைவண்ணம். தேதியே இல்லாத அசல் நெக்கும் உண்டு, அதனால் தேதி இல்லை என்பதற்காகவே தள்ளிவிட வேண்டாம்.

ஈயப்புகை:

நெக்கை விட எனக்கு நம்பிக்கை கன்ட்ரோல் குழியில்தான். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்டின் (மாறுதடை) முதுகில் எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், இரண்டும் பாட் செய்த கம்பெனிகள். 1376612 என்பது சி.டி.எஸ்., 1966ஆம் வருடம், 12ஆம் வாரம். ஆறே இலக்கம் இருந்தால் வருடத்துக்கு ஒற்றை இலக்கம்தான், 304612 என்றால் 1956ஆகவும் இருக்கலாம், 1966ஆகவும் இருக்கலாம். மற்ற பாகங்களைப் பார்த்துத்தான் பத்தாண்டை முடிவு செய்ய வேண்டும்.

இந்தத் தேதி கிட்டார் பிறந்த நாள் இல்லை, அதற்கு முன் பிறந்திருக்க முடியாது என்ற எல்லை. 1963 நெக்கோடு 62 பாட் இருப்பது இயல்பு. அதே நெக்கோடு 65 பாட் இருந்தால், யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒரு விதிவிலக்கு: 1966இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அந்த 66 பாட் 68, 69 கிட்டார்களிலும் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எண்ணை விட ஈயப்பற்றைப் பாருங்கள். தொழிற்சாலைப் பற்று மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே மேடாக இருக்கும். இரண்டாவது முறை சூடு பட்டால் பளபளப்பு வரும், பிசின் படிந்திருக்கும், துணி சுற்றிய ஒயரின் நுனி கருகியிருக்கும். 60களின் பிற்பகுதி வரை துணி ஒயர், அப்புறம் பிளாஸ்டிக். பாட்டின் முதுகில் பழைய ஈயத்தின் தழும்பு ஓரிடத்தில், ஒயர் வேறிடத்தில் என்றால் அந்த பாட் வேறெங்கோ வாழ்ந்துவிட்டு வந்தது. தேதிக்காகவே பழைய பாட்டைத் தேடி வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. தழும்பை மறைப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் தடையை, அதைக் கழற்றாமலே மல்டிமீட்டரில் பார்க்கலாம். ஜாக்கில் கேபிளைச் சொருகி, வால்யூம் முழுக்கத் திறந்து, 20 கிலோ-ஓம் அளவில் வையுங்கள். 1957க்குப் பிந்தைய இரட்டைத் துண்டு பிரிசிஷன் பிக்கப் 10 முதல் 11 வரை காட்டும். 5 பக்கம் காட்டினால் ஒரு பாதிச் சுருள் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒரு பாதி அறுந்துபோனால் இரண்டும் தொடராக இணைந்ததால் பிக்கப்பே தெரியாது, பாட்டின் 250 கிலோ-ஓம் மட்டும் நிற்கும், மீட்டர் எல்லை தாண்டியதாகக் காட்டும். ஜாஸில் இரண்டு வால்யூமும் முழுக்க இருந்தால் பக்க இணைப்பு, அதனால் மூன்றரை அளவில்தான் வரும். ஒன்றைப் பூஜ்யத்துக்குக் குறைத்தால் மற்றது 7 பக்கம் காட்டும். ஒரு விஷயம் மறக்காதீர்கள்: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவு ஏறும். 35 டிகிரி வெயிலில் பார்த்த எண், 20 டிகிரி அறையில் பார்த்ததை விட ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல். அந்த வித்தியாசத்தை வைத்து, சுருளை யாரோ திரும்பச் சுற்றிய "மறுசுற்று" என்று முத்திரை குத்தக்கூடாது.

பிக்கப் சுருளைச் சுற்றிய சட்டமான பாபினின் அடித்தட்டு 1964 வரை கறுப்பு, அதன்பின் சாம்பல். 62 என்று சொல்லி உள்ளே சாம்பல் தட்டு இருந்தால் பிக்கப் மாறியிருக்கிறது.

மரப்பொடி:

எண்ணும் ஈயமும் அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள், பெயின்ட் என் பங்கு. விலையில் பெரிய அடி இங்கேதான்: மற்றதெல்லாம் அசலாக இருந்தும் பாடி மறுபெயின்ட் என்றால் சந்தையில் விலை பாதிக்குப் பக்கத்தில் இறங்கும். அதனாலேயே பொய்யும் இங்கேதான் அதிகம்.

1964 வரை பாடியின் முன்பக்கத்தில் சின்ன ஆணிகள் அடித்து, அதன்மேல் நிற்கவைத்து உலர்த்தினார்கள். பாடியின் முகத்தில் திருகியிருக்கும் பாதுகாப்புத் தகடான பிக்கார்டைக் கழற்றினால் அந்த ஆணித் துளைகள் தெரியும். துளைக்குள் பெயின்ட் படாத வெறும் மரம் தெரிய வேண்டும். பெயின்ட் துளைக்குள் இறங்கியிருந்தால் அது பிற்பாடு அடித்தது. துளையே இல்லை என்றால் நிரப்பியிருக்கிறார்கள், அல்லது பாடி வேறு காலத்தது. 1963 வாக்கில் நெக் பாக்கெட்டில் ஒரு குச்சியைத் திருகி, அதைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ரே செய்யத் தொடங்கினார்கள். குச்சி இருந்த இடம் பெயின்ட் படாமல் நீளப் பட்டையாக நிற்கும். 65 பாடியின் பாக்கெட் முழுக்க ஒரே சீராக நிறம் பூசியிருந்தால் உடனே கேள்வி எழ வேண்டும்.

1968 வாக்கில் பாலியெஸ்டர் தடிமனாக வந்தது, அதற்கு முன் நைட்ரோ, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அசிட்டோன் நைட்ரோவைக் கரைக்கும், பாலியெஸ்டரைத் தொடாது. ஆனால் சோதனையை பிக்கார்டுக்கு அடியிலோ பாக்கெட்டிலோ, காது குடையும் பஞ்சு நுனியில் ஒரு பொட்டு மட்டும். அதுவும் சொந்தப் பொருளில். விற்பவர் அனுமதி இல்லாமல் செய்தால் சண்டைதான் மிஞ்சும். கடையில் பார்க்கும்போது இருட்டில் அல்ட்ராவயலட் டார்ச் போதும். வயதான நைட்ரோ மஞ்சள் பச்சையாக ஒளிரும், பிற்பாடு தொட்ட இடங்கள் கறுத்துத் திட்டாகத் தெரியும். ஹெட்ஸ்டாக் முகத்தையும் அப்படிப் பாருங்கள், லோகோவைச் சுற்றி ஒரு சதுரம் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் லோகோ புதுசு. அந்த ஒட்டுப்படத்தை முதலில் வார்னிஷின் மேல்தான் ஒட்டினார்கள். 62 நெக்கில் விரல் நுனிக்கு அதன் விளிம்பு தட்டுப்படாமல் கண்ணாடிபோல் வழுக்கினால், மேலே யாரோ பூசியிருக்கிறார்கள்.

1957 முதல் 59 வரை பிரிசிஷனுக்குத் தங்க நிற அலுமினிய பிக்கார்டு, ஸ்க்ரூ 10. அதன்பின் ஆமையோடு நிறத்தில் செல்லுலாய்ட், ஸ்க்ரூ 13. செல்லுலாய்ட் சுருங்கும். அசல் பிக்கார்டில் ஸ்க்ரூக்கள் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும், துளையைச் சுற்றி விரிசல் ஓடும். எல்லாத் துளையும் நேராகப் பொருந்தும் 61 பிக்கார்டை நான் நம்ப மாட்டேன். தீ வைத்துப் பார்க்கும் சோதனை சிலர் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். பற்றினால் அணையாத பொருள் அது.

பழையபெட்டி:

ஜாஸ் பேஸ் பக்கம் இரண்டு சேர்க்கிறேன். 1960 முதல் 62 தொடக்கம் வரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குமிழ், அதன்பின் மூன்று குமிழ். அடுக்குக் குமிழுக்கு விலை அதிகம் என்பதால் மூன்று குமிழில் தகட்டை மட்டும் மாற்றி விற்பதுண்டு. அப்போது தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் ஒவ்வொரு தந்திக்கும் ஒலியைத் தணிக்கும் தனித்தனி மியூட் இருந்தது. அதன் ஸ்க்ரூ துளைகள் கவருக்கு அடியில் இருக்கின்றனவா பாருங்கள். அடுத்தது பிக்கப் இடைவெளி. நடுவிலிருந்து நடு வரை 60களில் 91 மி.மீ., 70களில் 101 மி.மீ. அளவுகோல் போதும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. 1964 என்று சொல்லி 101 வந்தால் அந்த பாடி 70களுடையது, அல்லது புதுசு. பிரெட்போர்டில் (விரல் அழுத்தும் பலகை) முத்துப் புள்ளிகள் 1965லிருந்து, ஓரப்பட்டையான பைண்டிங்கும் அதை ஒட்டி, சதுர பிளாக்குகள் 1966லிருந்து. அதற்கு முன் மங்கிய களிமண் நிறப் புள்ளிகள்தான்.

ஜப்பான் 'ஜே.வி.' பேஸ்கள் 1982லிருந்து ஃபெண்டருக்காக ஃபியூஜிஜென் தொழிற்சாலை செய்த மறுபதிப்புகள், நல்ல வேலைப்பாடு. ஜே.வி. என்றே வாங்கினால் கொடுத்த காசுக்கு நியாயம். எண்ணை அழித்து 62 ஆக்குவதுதான் பிரச்சினை. உள்ளே பாட் முதுகில் பெரும்பாலும் 137ஓ 304ஓ இருக்காது, தடிமனான பாலியெஸ்டர் விளிம்பில் சில்லுச் சில்லாக உடையும்.

வேறொரு கம்பெனியின் பேஸான ரிக்கன்பேக்கர் 4001 வைத்திருப்பவர்களுக்கு வாழ்க்கை சுலபம். ஜாக் தகட்டில் ஆங்கிலத்தின் இரண்டு எழுத்து: முதலாவது வருடம், 1961க்கு 'ஏ' தொடங்கி, இரண்டாவது மாதம், ஜனவரிக்கு 'ஏ'. 'ஜே சி' என்றால் 1970 மார்ச். ஆனால் அந்தத் தகட்டுக்கும் ஸ்க்ரூ உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

புதுவிரல்:

விற்பவர் கழற்ற விடவில்லை என்றால்?

நாலுகம்பி:

நான்கு படம் கேளுங்கள் தம்பி: நெக் அடி, நெக் பாக்கெட், பிக்கார்டை எடுத்த பாடி, பாட் முதுகு எண் தெரியும்படி குழி. கூடவே ஒரு தாளில் அன்றைய தேதியை எழுதி படத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள், இணையத்தில் எடுத்த பழைய படம் அனுப்புவது சகஜம். மறுத்தால் 'பாகம் மாறிய கிட்டார்' விலைக்கு மேல் பேசாதீர்கள்.

மரப்பொடி:

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் பிரெட்போர்டு மரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 60களின் முற்பகுதி ரோஸ்வுட் பெரும்பாலும் பிரேசில் மரம். அது 1992லிருந்து, அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். பிற ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் தந்த விலக்கு பிரேசில் மரத்துக்குப் பொருந்தாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் அந்த விலக்குக்குள் வரும், பின்னாளில் ஃபெண்டர் அதற்கு மாறியது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம், அதனால் சீட்டு யார் எடுப்பது என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.