திருப்பூர்ல 6 லைன் வீடு 58 லட்சம் சொல்றாங்க, வாங்கலாமா? கணக்கு எப்படிப் போடறது?

பனியன்காரன்28:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். 12 வருஷ சேமிப்பு, வீட்ல போட்ட சீட்டுப் பணம் எல்லாம் சேத்து கையில 24 லட்சம் இருக்கு. குடியிருக்க அப்பா கட்டின வீடு இருக்கு, அதனால வாடகை வர்ற மாதிரி ஒண்ணு வாங்கிப் போடலாம்னு 8 மாசமா அலையறேன்.

இப்ப ஒண்ணு வந்திருக்கு. அனுப்பர்பாளையம் தாண்டி நாலரை சென்ட்ல 6 லைன் வீடு, ஒரு ரூம் ஒரு சமையல்கட்டு தான், பாத்ரூம் டாய்லெட் பின்னாடி பொதுவா 3. 2004ல கட்டினது, கான்கிரீட் தார்சு. 58 லட்சம் சொல்றாங்க. வீட்டுக்கு 5,500 வச்சு மாசம் 33,000 வருதுன்னு புரோக்கர் சொல்றாரு. 40 லட்சம் லோன் போட்டா 20 வருஷத்துக்கு எட்டரை வட்டில இஎம்ஐ 34,700 வருது, அதனால "வாடகையே லோனக் கட்டிரும் சார், நீங்க 1,700 போட்டா போதும்"ங்கறாரு. கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா மனசு ஒப்பல.

இன்னொண்ணு கோவை சிங்காநல்லூர் பக்கம் பேங்க் ஏலத்துல ஒரு 2 பெட்ரூம் பிளாட், ரிசர்வ் விலை, அதாவது ஏலம் ஆரம்பிக்கற விலை, 31 லட்சம். அதே பில்டிங்ல வெளிய 42 சொல்றாங்க.

எது நல்லது, எத வச்சு முடிவு பண்றது, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. புரோக்கர் அடுத்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் போடச் சொல்லி தினமும் போன் பண்றாரு.

---

நொய்யல்கரை:

தம்பி, எங்க மாமியார் கட்டின லைன் வீடு 9 இருக்கு, 15 வருஷமா நான் தான் பாத்துக்கறேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். முதல்ல அந்த 33,000ங்கற நம்பர மறந்துருங்க. அது ஆறு வீடும் 12 மாசமும் நிரம்பி எல்லாரும் 5ஆம் தேதிக்குள்ள கரெக்டா குடுத்தா வர்றது, அப்படி ஒரு வருஷம் கூட எனக்கு வந்தது இல்ல. தீபாவளி போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போறவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வேற கம்பெனி பக்கம் போயிடுவாங்க, கார்த்திகை பூரா ரெண்டு மூணு வீடு சும்மா கிடக்கும். 2011ல ஹைகோர்ட் ஆர்டர்ல சாயப்பட்டறை எல்லாம் மூடினப்ப எங்க லைன்ல 9ல 5 காலி, 2020 லாக்டவுன்ல 7 காலி, அப்புறம் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டப்ப ஓவர்டைம் கட் ஆகி வாடகைய ரெண்டு தவணையா வாங்கினேன். நீங்களும் பனியன் கம்பெனில தான் இருக்கீங்க, உங்க சம்பளமும் இந்த வாடகையும் ஒரே ஆர்டர நம்பித் தான் இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல படுக்கும்ங்கறத மனசுல வைங்க.

அதனால 12 மாசத்துக்கு 10 மாசம்னு போடுங்க. வாடகையும் புரோக்கர் வாயில கேக்காம குடியிருக்கறவங்க கிட்ட கேளுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு மேல போங்க, அப்பத் தான் எல்லாரும் துணி துவைச்சிட்டு வாசல்ல இருப்பாங்க. வீடு வாங்க வந்தேன்னு சொல்லாம வாடகைக்கு வீடு இருக்கான்னு கேட்டா உண்மையான வாடகை தானா வந்துரும். தண்ணி எப்படி வருது, போர் தண்ணி உப்பா, கரண்ட் காசு எப்படிக் குடுக்கறீங்க, முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க, இதெல்லாம் பொம்பளைங்க கிட்ட கேளுங்க, முடிஞ்சா வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போங்க.

ஈபி ரொம்ப முக்கியம். ஆறு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருக்கா, இல்ல ஒண்ணு ரெண்டு மீட்டர்ல இருந்து சப் மீட்டர் போட்டு வச்சிருக்காங்களா பாருங்க. தனி மீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ப்ரீ, அந்த வீட்ட அவங்க சீக்கிரம் விட மாட்டாங்க. ஒரே மீட்டர்னா 500 யூனிட் தாண்டி ரேட் எகிறும், அத குடித்தனக்காரங்க தலைல கட்டினா சண்டை தான். அப்புறம் டாய்லெட் 3னு சொன்னீங்க, ஒரு வீட்டுக்கு 4 பேரு வச்சாலும் 24 பேரு, செப்டிக் டேங்க் எவ்வளவு பெருசு, வண்டி எத்தனை மாசத்துக்கு ஒருக்கா வருதுன்னு கேளுங்க.

இப்ப கணக்கு. உண்மையான வாடகை 4,600 பக்கம் தான் இருக்கும்னு நான் நினைக்கறேன். ஆறு வீடு, 10 மாசம், 2,76,000. சொத்து வரி, மோட்டார் கரண்ட், டேங்க் கிளீனிங், வெள்ளை அடிக்கறது, பைப்பு, கதவு எல்லாம் 45,000 எடுத்து வைங்க. மிச்சம் 2,31,000. அந்தப் பக்கம் 58 லட்சத்தோட நிக்காது, முத்திரைத்தாள் 7 பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 58க்குமே பத்திரம் போட்டா 5,22,000. புரோக்கருக்கு 58,000, வக்கீல் இதர செலவு 30,000, 20 வருஷக் கட்டடம் அதனால ஒழுகல் பாக்கவும் பாத்ரூம் ரிப்பேருக்கும் ரெண்டரை லட்சம். 66 லட்சத்த தாண்டிருச்சு. 66க்கு 2.31ன்னா மூணரை சதவீதம் தான். லோன் வட்டி எட்டரை. மாசம் 1,700 இல்ல தம்பி, 15,000க்கு மேல கையில இருந்து போகும்.

கணக்க தலைகீழா போடுங்க. எனக்கு செலவு போக 5 சதவீதமாவது வரணும்னா மொத்த அடக்கமே 46 லட்சத்துக்குள்ள இருக்கணும், அப்ப விலை 39, 40. அதுக்கு மேல எவ்வளவு குடுத்தாலும் அது வாடகைக்காக இல்ல, நிலத்துக்காக.

---

முகப்பேர்வாசி:

அக்கா கணக்கு அருமை. நான் ஏலப் பிளாட் பத்தி மட்டும் சொல்றேன், 2021ல சென்னைல ஒண்ணு எடுத்தேன்.

ஏல நோட்டீஸ்ல முதல்ல பாக்க வேண்டியது விலை இல்ல நண்பா, பொசஷன், அதாவது வீடு இப்ப யார் கையில இருக்குங்கறது. "சிம்பாலிக் பொசஷன்"னு போட்டிருந்தா பேங்க் கையில பேப்பர் தான் இருக்கு, வீட்டுக்குள்ள ஆள் இருக்காங்க. நான் எடுத்தது அது தான். பேங்க் மேனேஜர் ரெண்டு மாசத்துல சாவி தர்றோம்னாரு. கடன் கட்டாதவங்க அடமானச் சொத்த பேங்க் எடுத்து விக்கற சர்பேசி சட்டத்துல 14ஆம் பிரிவுல மனு போட்டு ஆர்டர் வாங்கி காலி பண்ண வைக்க 13 மாசம் ஆச்சு, முழுப் பணமும் கட்டின பிறகு அந்த 13 மாசமும் வாடகையும் இல்ல வீடும் இல்ல, இஎம்ஐ மட்டும் ஓடுச்சு. உள்ள இருந்தது ஒரு வயசான அம்மாவும் பேரனும். மகன் வாங்கின கடன். அவங்க சாமான ஏத்தறப்ப நான் கீழ நின்னுட்டு இருந்தேன், அது இன்னும் மனசுல இருக்கு. மலிவா வருதுன்னு போறவங்க இதையும் யோசிச்சுட்டுப் போங்க.

அடுத்தது பணம் கட்டற டைம். வழக்கமா ரிசர்வ் விலைல 10 சதவீதம் முன்வைப்பு, உங்களுக்கு 3,10,000. 34க்கு முடிஞ்சா அதுல கால் பங்கு 8,50,000 அன்னிக்கே, மிஞ்சிப் போனா அடுத்த வேலை நாள்ல கட்டியாகணும், மிச்சம் 25,50,000 பதினஞ்சு நாள்ல. பேங்க் எழுத்துல ஒத்துக்கிட்டா தான் டைம் நீட்டும். 15 நாள்ல லோன் வர்றது கஷ்டம், அதனால ஏலத்துக்கு முன்னாடியே வேற பேங்க்ல பேசி வைங்க. கட்ட முடியலன்னா அதுவரைக்கும் கட்டின பணமும் போயிடும்.

பழைய மெயின்டனன்ஸ் பாக்கி, ஈபி, சொத்து வரி பாக்கி எல்லாம் நம்ம தலைல தான், நோட்டீஸ்லயே உள்ளது உள்ளபடின்னு போட்டிருப்பாங்க. எனக்கு அசோசியேஷன் பாக்கி மட்டும் 1,40,000 வந்துச்சு. ஏலம் எடுக்கறதுக்கு முன்னாடி அசோசியேஷன் செகரட்டரிய ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

கடன்காரர் பணத்தக் கட்டி வீட்ட மீட்டுருவாரோங்கற பயம் முன்ன மாதிரி இல்ல, ஏல நோட்டீஸ் வெளியானதோட அந்த உரிமை முடிஞ்சுதுன்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஆனா டிஆர்டில, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துல கேஸ் போட்டிருந்தா இழுக்கும், அதனால கேஸ் நம்பர் இருக்கான்னு எழுத்துல கேளுங்க.

பிளாட்னா யுடிஎஸ், அதாவது நம்ம பேருக்கு வர்ற பிரிக்காத நிலப் பங்கு எவ்வளவுன்னும் பாருங்க. கட்டடம் பழசாக ஆக அந்தப் பங்கு நிலம் தான் மதிப்பு.

---

பத்திரஆபீஸ்எதிர்ல:

நான் பத்திர எழுத்தர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். கணக்கு எல்லாம் ரெண்டாவது, முதல்ல விக்கறவருக்கு விக்க உரிமை இருக்கான்னு பாருங்க. வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுருங்க. வில்லங்கத்துல வராதது நிறைய இருக்கு, பதியாத அக்ரிமென்ட் வராது, உயில் வராம இருக்கலாம், லீஸுக்கு மொத்தமா பணம் வாங்கிட்டு வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுத்தது வரவே வராது.

ஒரிஜினல் மூலப்பத்திரத்த கையில வாங்கிப் பாருங்க, ஜெராக்ஸ் காட்டினா ஒரிஜினல் எங்கன்னு கேளுங்க. பேங்க்ல அடமானம்னா வில்லங்கத்துல பெரும்பாலும் தெரியும், தனியார் பைனான்ஸ்ல சும்மா குடுத்து வச்சிருந்தா தெரியாது. அப்பா பேர்ல இருந்து அவர் உயில் எழுதாம போயிருந்தா மனைவிக்கும், பசங்களுக்கும், கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்கும் சம பங்கு, இறந்தவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் உண்டு. "தங்கச்சி கையெழுத்து போட்ருவா"ன்னு சொல்றத நம்பி அட்வான்ஸ் போடாதீங்க, அந்தத் தங்கச்சிய நேர்ல பாத்துப் பேசுங்க.

பிளான் அப்ரூவல் கேட்டீங்களா? லைன் வீடு நிறைய பிளான் இல்லாம கட்டினது, ஒரு வீட்டுக்கு அப்ரூவல் வாங்கி ஆறா பிரிச்சிருப்பாங்க. அப்ப பேங்க்காரங்க நிலத்துக்கு மட்டும் தான் மதிப்பு போடுவாங்க, 40 லட்சம் லோன் கிடைக்காது. முத்திரைத்தாள் செலவ லோன் கணக்குல பெரும்பாலும் சேக்கவும் மாட்டாங்க.

எல்லாரும் வரிய மறந்துட்டீங்க. வாடகைல சொத்து வரி போக 30 சதவீதம் கழிச்சுத் தருவாங்க, லோன் வட்டியும் கழியும். ஆனா புது வரிமுறைல இருந்தா வீட்டுல வர்ற நஷ்டத்த சம்பளத்துல கழிக்க முடியாது. வட்டி காட்டி சம்பளத்துல வரி மிச்சம் பண்ணலாம்னு புரோக்கர் சொன்னா, புது வரிமுறைல இருந்தா அது உங்களுக்கு இல்ல.

---

காங்கேயம்ரோடு:

எல்லாரும் பயமுறுத்தறீங்க. வாடகை 3 சதவீதம்னாலும் இடம் விலை ஏறுமில்ல? எங்க ஏரியால 10 வருஷம் முன்னாடி சென்ட் 3 லட்சம், இப்ப 9.

---

நொய்யல்கரை:

ஏறும் தான், இல்லைன்னு சொல்லல. இடம் ஏறும்னு வாங்கறதா இருந்தா இடமா பாருங்க, ரோடு எத்தனை அடி, லாரி வருமா, பட்டா தனியா இருக்கான்னு. தம்பி இஎம்ஐ கட்டப் போறது சம்பளத்துல, 20 வருஷம். நடுவுல 6 மாசம் வேலை இல்லைன்னா ஏறின இடத்த வித்துத் தான் சாப்பிடணும், அவசரத்துல விக்கறவனுக்கு ஏறின விலை கிடைக்காது.

தேடறது பத்தியும் ஒண்ணு, புரோக்கர் கொண்டு வர்றது பத்துப் பேரு பாத்து விட்டது. எங்களுக்கு ரெண்டாவது லைன் கிடைச்சது மளிகைக் கடைல. பாகம் பிரிக்க முடியாம அண்ணன் தம்பி மூணு பேரும் வித்தாப் போதும்னு இருந்தாங்க. ஒரே ஏரியாவுல, 2 கிலோமீட்டருக்குள்ள மட்டும் தேடுங்க, ஆறு மாசத்துல எந்த வீடு எவ்வளவு போகும்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

---

பனியன்காரன்28:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். அக்கா சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவோட போனேன். வாடகை 4,500, ஒரு வீடு மட்டும் 5,000. ஒண்ணு 4 மாசமா காலி. மீட்டர் ரெண்டு தான். கடைசி வீட்டு அக்கா வாடகையே குடுக்கல, 3 லட்சம் லீஸுக்குக் குடுத்துட்டு இருக்காங்க, 2 வருஷம் ஆச்சு, பேப்பர எடுத்துக் காட்டினாங்க. புரோக்கர் கிட்ட கேட்டா தெரியாதுங்கறாரு. ஓனர் கிட்டயே கேட்டேன், "அத நீங்க பாத்துக்கோங்க, விலைல பேசிக்கலாம்"னாரு.

நான் 41 சொன்னேன், லீஸ் பணத்த அவரு செட்டில் பண்ணித் தரணும், மூலப்பத்திரம் வக்கீல் கிட்ட ஒரு வாரம் இருக்கணும்னு எழுதிக் குடுத்தேன். அவரு 53ல நிக்கறாரு. வந்துட்டேன். புரோக்கர் போனும் நின்னுருச்சு. ஏலப் பிளாட் சிம்பாலிக் தான், விட்டுட்டேன்.

ஆனா அந்த லீஸ் வீட்டு அக்கா கிளம்பறப்ப ஒண்ணு சொன்னாங்க. ரெண்டு தெரு தள்ளி ஒரு வயசானவங்க 4 வீடு வச்சிருக்காங்க, மகன் பெங்களூர்ல செட்டில், பாத்துக்க ஆள் இல்லாம விக்கற யோசனைல இருக்காங்களாம். நாளைக்கு சாயங்காலம் போறோம்.

---

நொய்யல்கரை:

போயிட்டு வாங்க தம்பி. சாயங்காலம்னா 6 மணிக்குள்ள போயிருங்க, தண்ணி விடற நேரம், குழாயடிய நேர்லயே பாத்துரலாம். அந்தப் பெரியம்மா கிட்ட முதல் நாளே விலை பேச வேண்டாம்.