குறுக்கு வெட்டில் தொய்யும் கைத்தறிப் பாவாடை: ஆலோசனை தேவை

வணக்கம். ஆடை வடிவமைப்பு பயிலும் நான், நிலாவெளிக் கடற்கரையில் கரைவலையின் மடி (மீன் சேரும் பை போன்ற பகுதி) ஈரத்தோடு சரிந்து விழும் விதத்தைப் பார்த்து வரைந்த பாவாடையொன்றை இறுதியாண்டுக்காகத் தைத்து வருகிறேன். காடாத் துணியில் வெட்டிப் பார்த்த மாதிரி சரியாகவே அமைந்தது; ஆனால் பாவுநூலுக்கு (துணியின் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு) 45 பாகையில், அதாவது குறுக்கு வெட்டில், வெட்டிய கைத்தறிப் பருத்தியை 24 மணித்தியாலம் தொங்கவிட்டபோது, இடப்பக்க விளிம்பு மட்டும் 3 சென்ரிமீற்றர் கீழிறங்கிவிட்டது. பாவும் ஊடையும் (அகலவாக்கில் ஓடும் நூலும்) ஒரே பருமனில் இல்லாததே காரணமென நினைக்கிறேன். (நனைத்துக் காயவைக்காமல் வெட்டியதுதான் பிழை என்கிறார் அம்மா, அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.) விளிம்பை மட்டும் சமப்படுத்தினால் போதுமா, அல்லது அந்தப் பக்கத்தைப் புதிதாக வெட்ட வேண்டுமா? எஞ்சியிருப்பது ஒன்றரை மீற்றர் துணியே. கைத்தறியைக் குறுக்கு வெட்டில் தைத்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து அறியத் தாருங்கள்.