உதவி தேவை: நாங்கள் உருவாக்கும் மொழியில் ஒருமையும் பன்மையும் ஒன்றாகிவிடுகின்றன, 'கொ' சில வரிகளில் மட்டும் 'சொ' ஆகிறது

குன்றத்துக்காரி:

வணக்கம். திருப்பரங்குன்றத்தில் இருக்கிறேன், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை. எட்டாவது படிக்கும் அண்ணன் மகனும் நானும் இரண்டு வருடமாக ஒரு மொழியைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அவன் எழுதும் கதையில் வரும் மலைச் சனங்கள் பேசுவது. முதலில் அவர்களின் முன்னோர் பேசிய மூத்த மொழிக்கு 412 சொற்கள் வைத்தோம். அதன் பெயர் தாகெமி. ஆயிரம் வருடம் கழித்து அது எப்படி மாறியிருக்கும் என்று கணக்குப் போட்டு இளைய மொழியை எடுக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

எக்ஸெலில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தை வைக்கும் சப்ஸ்டிட்யூட் சூத்திரம் போட்டு மூன்று விதிகளை இந்த வரிசையில் ஓட்டினேன்.

1. சொல்லின் கடைசியில் இருக்கும் குறில் விழுந்துவிடும்.
2. இ, ஈ, எ, ஏ இவற்றுக்கு முன்னால் வரும் க், ச் ஆகும்.
3. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ப், வ் ஆகும்.

வந்த கோளாறுகள்: மகி என்றால் தினை, மகு என்றால் தேனீ. இரண்டுமே 'மக்' ஆகிவிட்டன. தோகு என்றால் கை, தோகி என்றால் கைகள். அவையும் 'தோக்', 'தோக்'. இப்படி 57 ஜோடிகள் மோதுகின்றன. அடுத்து, கொரா (பாறை) என்பது சொரா ஆகிவிட்டது. ஒகரத்துக்கு முன்னால் மாறக் கூடாது என்றுதானே விதி? ஆனால் கொமா (குடை) மாறவில்லை. ஒரே எழுத்து, ஒரே சூத்திரம், ஒரு வரியில் மாறுகிறது, மறு வரியில் மாறவில்லை.

கடைசியாக ஒன்று. மாறிய சொற்களைப் பார்த்தால் வேறு மொழி மாதிரியே இல்லை, எழுத்தை மாற்றிப்போட்ட ரகசியக் குறியீடு மாதிரி இருக்கிறது. இது பையனுக்குப் பெரிய வருத்தம். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

செல்லூர்க்காரன்:

அக்கா, கொ பிரச்சினை எனக்குத் தெரியும். உங்கள் விதியில் தப்பு இல்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கொ' கணினிக்குள் இரண்டு விதமாக இருக்க முடியும். ஒன்று, க வும் ஒற்றை ஒகரக் குறியும். மற்றொன்று, க, அப்புறம் ஒற்றைக் கொம்பு, அப்புறம் கால். இந்த இரண்டாவது வகையில் உள்ளே 'கெ' முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கெ யைச் செ ஆக்கச் சொன்னதும் அது மாறிவிட்டது, பின்னால் இருந்த கால் ஒட்டிக்கொண்டு சொ ஆகிவிட்டது.

சோதிக்க: பக்கத்துக் கட்டத்தில், உள்ளே எத்தனை குறிகள் என்று எண்ணும் லென் சூத்திரம் போட்டுப் பாருங்கள். கொ என்ற ஓர் எழுத்துக்கு 2 வந்தால் சரி, 3 வந்தால் பிரிந்த வகை. சரிசெய்ய, எல்லா விதிக்கும் முன்னால் ஒரு சுற்று ஓட்டுங்கள். எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் சூத்திரம் யூனிகேர். யூனிகேர்(3014) என்ற ஒற்றைக் கொம்பு, யூனிகேர்(3006) என்ற கால் இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில் யூனிகேர்(3018) வைக்கவும். அது ஒகரம். ஓகாரத்துக்கு 3015, 3006 சேர்ந்த இடத்தில் 3019. அந்த வரிகளைப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டினீர்களா?

குன்றத்துக்காரி:

ஆமாம் தம்பி! முதல் 150 சொற்கள் பழைய கோப்பில் வேறு எழுத்துருவில் இருந்தன. இணையத்தில் ஒரு மாற்றியில் போட்டு எடுத்தேன். லென் போட்டுப் பார்த்தேன், கொரா 5 காட்டுகிறது, கொமா 4. இரண்டு நாள் இதைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

விளக்குத்தூண்:

மோதும் சொற்களுக்கு எளிய வழி: அந்த 57 ஜோடிகளில் ஒரு சொல்லை மட்டும் விதியிலிருந்து விலக்கிவிடுங்கள். மகு அப்படியே மகு என்று இருக்கட்டும். வேலை முடிந்தது.

மேலூர் வாத்தியார்:

விளக்குத்தூண் தம்பி சொன்னதை நான் ஏற்க மாட்டேன். ஒலி மாறும்போது அது சொல்லின் பொருளைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. நம் பக்கத்தில் பலருடைய பேச்சில் ழகரம் ளகரமாகிவிட்டது. குழியும் குளியும் ஒன்றாகிவிடுமே என்று யாராவது குழியை மட்டும் விட்டுவைத்தார்களா? வாழையும் வாளை மீனும் காதுக்கு ஒன்றுதான், பேச்சு எந்த இடத்தில் நடக்கிறது என்பதை வைத்துப் புரிந்துகொள்கிறோம். இஷ்டத்துக்கு விலக்கு வைத்தால் அந்த மொழி பொய்யாகத் தெரியும்.

அம்மா, உங்கள் விதிகள் மூன்றும் நல்ல விதிகள். வரிசைதான் தப்பு. தமிழிலேயே காட்டுகிறேன், 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், எனக்கு வேறு வழி தெரியாது.

ஐந்து என்பதை அஞ்சு என்கிறோம். வைத்தான் என்பதை வச்சான் என்கிறோம். நடந்தான் மட்டும் நடந்தான் என்றே நிற்கிறது, நடஞ்சான் ஆகவில்லை. ஏன்? ந்த, த்த என்பவை இகரம், ஐகாரம், யகரத்துக்குப் பின்னால் வந்தால்தான் ஞ்ச, ச்ச ஆகும். தெரிந்து தெரிஞ்சு, படித்தான் படிச்சான், மேய்ந்தது மேஞ்சது. அதற்கப்புறம் ஐகாரம் தேய்ந்து அகரமானது. ஐந்து முதலில் ஐஞ்சு, பிறகு அஞ்சு. இதைத் தலைகீழாக ஓட்டிப் பாருங்கள். ஐகாரம் முதலில் அகரமாகிவிட்டால் 'அந்து' என்று நிற்கும், மாற்றத்தைத் தூண்ட ஆளே இருக்காது. வைத்தான் 'வத்தான்' ஆகியிருப்பான். காரணம் முதலில் வேலை செய்ய வேண்டும், பிறகுதான் மறைய வேண்டும்.

உடைந்தது என்ற ஒரு சொல்லிலேயே மூன்று விதி இருக்கிறது. அடுத்த அசையில் ஐகாரம் இருப்பதால் உ, ஒ ஆகிறது. ஐகாரத்துக்குப் பின் ந்த, ஞ்ச ஆகிறது. வேலை முடிந்ததும் ஐகாரம் அகரமாகிறது. ஒடஞ்சது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நின்று கேட்டால் நாள் முழுக்க இது காதில் விழும்.

உங்கள் பட்டியலில் மகி யின் இகரத்தை முதல் விதியிலேயே வெட்டிவிட்டீர்கள். க் வைச் ச் ஆக்கவேண்டிய ஆள் அந்த இகரம்தான். இரண்டாம் விதியை முதலில் ஓட்டுங்கள். மகி, மசி, பிறகு மச். மகு, மக். தினை வேறு, தேனீ வேறு. தோகு தோக் ஆகும், தோகி தோசி ஆகிப் பிறகு தோச் ஆகும். ஒருமை தோக், பன்மை தோச். பன்மை விகுதி மறைந்துபோய் அதன் தடம் மட்டும் மெய்யெழுத்தில் தங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபுட், ஃபீட் என்று பன்மைக்கு நடு உயிர் மாறுவதும் இப்படி வந்ததுதான். பழைய பன்மையின் கடைசியில் ஓர் இகரம் இருந்தது, அது முன்னால் இருந்த உயிரை மாற்றிவிட்டுத் தான் மறைந்தது. ரகசியக் குறியீடு மாதிரி இருக்கிறது என்று பையன் வருந்தினான் அல்லவா? இந்தத் தோக்–தோச் அவனிடம் காட்டுங்கள். குறியீட்டில் இப்படி ஒன்று வராது.

மூன்றாம் விதியைக் கடைசியிலேயே விடுங்கள். முன்னால் கொண்டுவந்தால் ப், வ் வேறுபாட்டில் நிற்கும் சொற்கள் புதிதாக மோதும்.

குன்றத்துக்காரி:

ஐயா, 57 ஜோடி 19 ஆகிவிட்டது! வரிசையை மட்டும்தான் மாற்றினேன். லேபு (மழை) இப்போது லேப், லேவு (ஆந்தை) லேவ். மூன்றாம் விதி முன்னால் போயிருந்தால் இரண்டும் லேவ் ஆகியிருக்கும், நீங்கள் சொன்னது சரி. மொழியின் பெயரே தாகெமி என்பது தாசெம் ஆகிவிட்டது. பையன் தோச், தோச் என்று கையை ஆட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறான்.

மிச்சம் 19ஐ என்ன செய்வது?

மேலூர் வாத்தியார்:

பாதியை அப்படியே விடுங்கள், உண்மையான மொழிகளிலும் இருக்கிறது. ஒரே இடத்தில் புழங்கும் பொருள்கள் மோதினால் மட்டும் கை வையுங்கள், அதுவும் மக்கள் செய்கிற மாதிரி. எண்ணெய் என்பது எள்ளின் நெய். நாளடைவில் எதைப் பிழிந்தாலும் எண்ணெய் என்று ஆனது, தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்றுகூட வந்தது. அப்போது எள்ளெண்ணெய்க்குத் தனிப் பெயர் வேண்டியிருந்தது, நல்லெண்ணெய் ஆயிற்று. சொல் தன் அடையாளத்தை இழந்தால் மக்கள் முன்னால் ஒரு சொல்லைக் கட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மலைச் சனங்களும் கட்டட்டும்.

பொருளையும் நகர்த்துங்கள். 412 சொற்களும் ஆயிரம் வருடம் கழித்து அதே பொருளில் இருந்தால் நம்பும்படி இருக்காது. கோயில் அரசன் வீடாக இருந்தது. நாற்றம் நறுமணத்தையும் குறித்தது. கிழவன் என்றால் உரிமை உடையவன், வயதானவன் என்பது பின்னால் வந்த பொருள்.

செல்லூர்க்காரன்:

ஒரு சேர்க்கை. க், ச் ஆவதில் விலக்கு வேண்டும் என்றால் ஒலியை வைத்து விலக்குங்கள் அக்கா. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே க் அப்படியே நிற்கிறது, இங்கே ச் ஆனது. ஆனால் கிளி, கெடு, கேள், கிழங்கு இவை தமிழில் மாறவில்லை. அடுத்து ட, ண, ள, ழ மாதிரி நாவை வளைக்கும் ஒலி வந்தால் தமிழில் க் தப்பித்துக்கொள்ளும். தெலுங்கில் அந்தத் தடை இல்லை, நம் கெடு அங்கே செடு. இப்படி ஒரு தடை வைத்தால் இன்னும் அசலாக இருக்கும்.

தெற்குவாசல்:

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். உங்கள் மொழியைத் தமிழ் எழுத்தில் மட்டும் வைத்திருந்தால் தமிழால் காட்ட முடியாத ஒலி எதுவும் அதில் வராது. சௌராஷ்டிரத்தில் ம, ந, ர, ல இவற்றோடு ஹகரம் இழைந்த ஒலிகள் உண்டு, எங்கள் எழுத்தில் அதற்குத் தனிக் குறி இருக்கிறது. தமிழில் எழுதினால் அது காணாமல் போய்விடும்.

க வையே பாருங்கள். கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே எழுத்து, மூன்று ஒலி. உங்கள் மகி யை யாராவது 'மஹி' என்று படித்தால் ச் ஆகும் மாற்றமே புரியாது. உயிர்மெய்யைப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் ஒலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ம், அ, க், இ நான்கு கட்டம். சூத்திரமும் எளிதாகும், கொ தகராறும் இனி வராது.

கடன் சொற்களையும் மறக்க வேண்டாம். இத்தனை தலைமுறை மதுரையில் இருந்து எங்கள் பேச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஏறியிருக்கின்றன. பக்கத்து ஊர்ச் சொல் ஒன்றுகூட இல்லாத மலை எங்கே இருக்கிறது?

மேலூர் வாத்தியார்:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். கடன் சொல்லில் எப்போது வந்தது என்பதுதான் முக்கியம். சபா என்ற வடசொல் தமிழுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை வந்தபோது முதலில் நிற்கும் சகரம் விழுந்துவிடும் காலம், அதனால் 'அவை' ஆனது. அம்மா, நடுவில் இருந்த ப் வ் ஆனதைப் பாருங்கள், உங்கள் மூன்றாம் விதியேதான். பிந்தி வந்தது 'சபை' என்று சகரத்தோடு நின்றுவிட்டது. ஆயிரம் கூட சஹஸ்ர என்பதிலிருந்து சகரம் இழந்து வந்தது, கன்னடத்தில் அது சாவிர. ஆகவே கீழ்நாட்டு வணிகர் கொடுத்த சொற்களில் சிலவற்றை விதிகளுக்கு முன்னால் சேருங்கள், சிலவற்றைப் பின்னால்.

இலக்கணத்தையும் சொற்களிலிருந்தே எடுங்கள், விகுதியைப் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. போய்விட்டான் என்பதில் விடு தனி வினை, இப்போது போயிட்டான். வாங்கிக்கொண்டு என்பது வாங்கிக்கிட்டு. அடிக்கடி வாயில் வரும் உறுப்புகள் விதி சொல்வதைவிட அதிகமாகவே தேயும்.

முடிந்தால் பையனை மாங்குளம் மலைக்கு அழைத்துப் போங்கள். அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் கணி என்ற சொல் 'கணிய்' என்று ஒரு யகர ஒற்றோடு வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து. மூத்த மொழி என்றால் என்ன என்று அந்தக் கல்லின் முன்னால் அவனுக்கே புரியும்.

குன்றத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன், ஆடித் தள்ளுபடிக் கூட்டம்.

செய்தவை: ஒலிக்கு ஒரு கட்டம் என்று 412 சொற்களையும் பிரித்து எழுதிவிட்டோம். அதிலேயே எட்டுப் பிழை கிடைத்தது. 19 மோதலில் 11ஐ அப்படியே விட்டோம், எட்டுக்கு முன்னால் சொல் கட்டினோம். கெலு என்ற உப்பு கீழ்நாட்டிலிருந்து முன்பே வந்ததாக வைத்தோம், அது செல் ஆனது. கெசு என்ற துணி நேற்று வந்தது, அதனால் கெசு என்றே இருக்கிறது. கதையில் வயதான பாத்திரங்கள் அதைச் சொல்லத் தடுமாறுகிற மாதிரி எழுதியிருக்கிறான்.

ஐயா சொன்ன மாதிரி, நில் என்று பொருள்படும் நேமு வினையை எடுத்துத் தேய்த்து 'நே' ஆக்கினோம், இப்போது அது 'மேல்' என்ற உருபு. தாசெம் மொழியில் முதல் முழு வாக்கியம்:

கொராநே மச் எலப்.

பாறைமேல் தினை காய்கிறது. எலபி (காய்கிறது) என்ற மூத்த வினை எலப் ஆனது, ப் க்குப் பின்னால் உயிர் இல்லாததால் வ் ஆகவில்லை. சரிதானே ஐயா?

மேலூர் வாத்தியார்:

சரி. எலப் க்குப் பின்னால் உயிரில் தொடங்கும் விகுதி வந்தால் மட்டும் என்ன ஆகும் என்று யோசித்து வையுங்கள். அங்கே எலவ் என்று மாறலாம். பையனிடமே கேளுங்கள்.

குன்றத்துக்காரி:

கேட்டேன். "மாறும் அத்தை, இப்ப ரெண்டு பக்கமும் உயிர் இருக்குல்ல" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாங்குளம் போகிறோம்.